கிழக்குப் பார்த்த லொறி

நடுவழியில் ஒரு கோலம் கிடந்தால் எங்கள் பக்கத்து பஸ் டிரைவர்கள் வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கித்தான் ஓட்டுவார்கள். அக்கம்பக்கத்தில் வீடு இருக்காது, வாசல் இருக்காது. ஒரு புறம் தேயிலை மலை, மறுபுறம் பள்ளம். அப்படிப்பட்ட இடத்தில் ரோட்டோரமாக ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று, காவி வரம்போடு, பளிச்சென்று இருக்கும். புதிதாக வந்த ஆள் யாராவது "இது என்ன கூத்து?" என்று கேட்டால், "லொறிக்கார அக்கா நேத்து இங்க குடியிருந்திருக்காங்க" என்று பஸ்ஸில் ஒருவர் பதில் சொல்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும். அக்கரப்பத்தனையிலிருந்து அட்டன் வரைக்கும் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இருந்திருக்காது. நான்தான் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்டவை நிறைய உண்டு. அதில் இதுவும் ஒன்று. புருஷனை, செய்கிற வேலையை வைத்து, எல்லோரும் பிட்டர் அண்ணன் என்பார்கள். கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோர்களில் மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். கொழுந்து உருட்டும் மெஷின், தூள் காய வைக்கும் அடுப்பு, எதுவானாலும் காதை வைத்துக் கேட்டே நோவு எங்கே என்று சொல்லிவிடுவார். பேச மட்டும் மாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசினார்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன லொறி ஒன்றை அண்ணன் எப்படியோ பிடித்து, பலகையும் தகரமும் அடித்துக் கூரை போட்டிருந்தார். அதில்தான் குடித்தனம். பெருநாள் வந்தால் ஊருக்கெல்லாம் லீவு, மெஷினுக்கும் லீவு. மெஷின் நின்றால்தான் அண்ணனுக்கு வேலை. ஆகவே தீபாவளியோ, வேதக்காரர்களின் நத்தார் கிறிஸ்மஸோ, பொங்கலோ, அந்த இரண்டு பேரும் யாரோ ஒருவருடைய தோட்டத்தில், யாரோ ஒருவருடைய ஸ்டோர் முற்றத்தில்தான் இருப்பார்கள். மற்றவர்களாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே அழுதிருப்பார்கள். அக்கா அதற்கு நேர்மாறு. பெருநாளைக்குத் தாங்கள் வந்து நிற்பதே அந்தத் தோட்டம் செய்த பாக்கியம் என்பது போல நடந்துகொள்வார்.

"லொறி" என்று மட்டும் அவர் எதிரில் சொல்லக்கூடாது. வீடு. "நம்ம வீட்டுக்குப் பெட்ரோல் போடணும்." "நம்ம வீட்டுக்கு பிரேக் பிடிக்க மாட்டேங்குது." சிரிக்காமல் சொல்வார். பின்பக்கத்துக் கதவுப் பலகையைச் சங்கிலியில் இறக்கி மட்டமாக நிறுத்தினால் அதுதான் இஸ்தோப்பு, அதாவது வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் எங்களுக்கெல்லாம் இருக்குமே, அந்தத் தாழ்வாரம். அதன் மேல் தகரப் பெட்டிக்குள் களிமண் பூசிய அடுப்பு. உள்ளே ஒரு பெஞ்சுக் கட்டில்; அதற்கடியில் ஒரு பக்கம் ஸ்பேனர், மறுபக்கம் அரிசி. அக்கா சாமி கும்பிடுகிறவர், அண்ணன் வேதக்காரர். முருகன் படமும் மாதா படமும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கும். வளைவில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு துணிப்பந்து வைத்திருந்தார்.

ஏறுகிற படிக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் எப்போதும் இருக்கும். யார் வந்தாலும் அக்காவின் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே வசனம்தான்.

"கால் கழுவிட்டு உள்ள வாங்க."

கங்காணிக்கும் அதுதான், கடைக்கார நானாவுக்கும் அதுதான். ஒரு தடவை தோட்டத்துச் சின்னதுரை வந்தான். வெள்ளைக்காரப் பையன், கப்பலிலிருந்து இறங்கி ஆறு மாசம்கூட ஆகியிருக்காது. லொறிக்குள் என்ன கடத்துகிறார்கள் என்று பார்க்க வந்தவனிடம் அக்கா செம்பை நீட்டினார். அவனுக்கு வசனம் புரியவில்லை, செம்பு புரிந்தது. முழங்கால் வரைக்கும் கயிறு கட்டிய சப்பாத்தை உட்கார்ந்து அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆயிற்று. காலுறையில் பெருவிரல் பக்கம் பெரிய ஓட்டை. அக்கா அதைப் பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கித்துள் கருப்பட்டியும் தேத்தண்ணியும் கொடுத்தார். அவன் எதையும் சோதிக்காமல் குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்த லொறியைக் கண்டால் தொப்பியைத் தூக்குவான். எங்களுக்கெல்லாம் அவன் தலையைக்கூட ஆட்டியதில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு நத்தாருக்கு. எனக்குக் கார்த்திகையில் கல்யாணம் ஆகி, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து அக்கரப்பத்தனைத் தோட்டத்துக்கு வாழ வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. ஸ்டோரில் தூளில் காம்பு பொறுக்கும் வேலை. நத்தாருக்கு முதல் நாள் மெஷின்களை நிறுத்திவிட்டு, தரையைத் தேய்த்துக் கழுவ எங்கள் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

போய்ப் பார்த்தால் முற்றத்தில் லொறி. லொறியின் நெற்றியில் மூங்கில் சிம்பும் சிவப்புக் காகிதமும் வைத்துச் செய்த நட்சத்திரம். அதற்குள் ஒரு பல்பு. இஸ்தோப்பில் ஸ்பேனர்ப் பெட்டியைக் கவிழ்த்துக் குடில் கட்டியிருந்தார்கள். வைக்கோலுக்குப் பதிலாக மெஷின் துடைக்கிற பஞ்சு. ஆடு மாடெல்லாம் ஆணியும் நட்டும். "அந்தப் பெரிய போல்ட்டு யாருக்கா?" என்று கேட்டேன். "ஒட்டகம்" என்றார். கூர்ந்து பார்த்தால் ஒட்டகமாகத்தான் தெரிந்தது.

அண்ணன் காய வைக்கும் அடுப்பைச் சரிசெய்து முடித்திருந்தார். சரியாக எரிகிறதா என்று விறகு போட்டுப் பார்க்க வேண்டும். சூடு வீணாகப் போவானேன் என்று அக்கா ஒரு பிஸ்கட் டின்னில் மாவும் முட்டையும் கருப்பட்டியும் உலர்ந்த முந்திரிப்பழமும் ஏலக்காயும் போட்டு அடுப்பு வாயில் வைத்துவிட்டார். தேயிலைத் தூளைப் போல வாசனை பிடிக்கிற சாமான் உலகத்தில் கிடையாது. பக்கத்தில் ஒரு வெங்காயம் இருந்தால்கூட இழுத்துக்கொள்ளும். தூளுக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னம்மா இது! கொழும்புல ருசி பார்க்கிறவன் என்ன சொல்லுவான்? தூள்ல ஏலக்காய் வாசம் வருதுன்னு திருப்பி அனுப்பிருவான்!"

"தூள் எங்கய்யா இருக்கு? எல்லாத்தையும் பெட்டியில அடைச்சு அனுப்பியாச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? கால் கழுவிட்டு உள்ள வாங்க, ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்க."

ஐயா இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதை வீட்டுக்கு என்று காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

அன்றைக்கு சாயங்காலம் முழுக்க நட்சத்திரம் எரிந்தது. லயத்துச் சனமெல்லாம் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் விடிந்தால் பெட்டரி செத்துக் கிடந்தது. வண்டி அசையவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து "ஏலேலோ" போட்டு முற்றத்தைச் சுற்றித் தள்ளினார்கள். அக்கா உள்ளே உட்கார்ந்துகொண்டு, பெருநாள் அதுவுமாய்த் தன் வீடு ஊர்வலம் போகிறது என்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

முதல் நாள் தரை கழுவி முடித்து, அந்தக் கேக்கைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் அக்கா என் புது மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்.

"எப்ப கல்யாணம்?"

"கார்த்திகையிலங்க."

"அப்ப தலைப்பொங்கல்! அம்மா வீட்டுல இருந்து சீர் யாரு கொண்டாறா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு மாசமாய்ப் பயந்துகொண்டிருந்தேன். முதல் பொங்கலுக்குத் தாய் வீட்டிலிருந்து புதுப்பானை, பச்சரிசி, கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் வரவேண்டும். அந்தப் பானையில்தான் பால் பொங்கவேண்டும். வராவிட்டால் யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்போவதில்லை. ஆனால் சாகிறவரைக்கும் "அந்த வருஷம் இவளுக்கு ஒரு பானைகூட வரலை" என்ற பேச்சு நிற்கும். எனக்கு அப்பா இல்லை. அண்ணன் தம்பி இல்லை. அம்மா ஒருத்திதான், அதுவும் முழங்கால் வீங்கி, மலை ஏறக் கொழுந்துக்குப் போகவே தடுமாறுகிறவள். மூன்று பஸ் மாறிப் பானையைத் தூக்கிக்கொண்டு அவள் எப்படி வருவாள்? இதை அக்காவிடம் சொல்லத் தொடங்கினேன், பாதியில் அழுதுவிட்டேன். வாயில் கேக் வேறு.

அக்கா சமாதானம் சொல்லவில்லை. "எந்தத் தோட்டம்? எத்தனையாவது லயம்?" என்று கேட்டார். சொன்னேன். மெஷினுக்கு அடியில் படுத்திருந்த அண்ணனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏங்க! நம்ம வீடு பொங்கலுக்குள்ள நோட்டன் பக்கம் போகுமா?"

அடியிலிருந்து "போகாது" என்று பதில் வந்தது.

"போகும்னு சொல்றாரு" என்று அக்கா என்னிடம் சொன்னார்.

இதற்கு நடுவில் பால் பொங்குகிற விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தால் அந்த வருஷம் நல்லது. எல்லோரும் அதற்குச் சாமியைக் கும்பிடுவார்கள். அக்கா கும்பிடுவதோடு நிற்கமாட்டார். பொங்கலுக்கு முதல் நாளே லொறியின் பின்பக்கம் கிழக்கைப் பார்க்கிற மாதிரி நிறுத்தச் சொல்லி, முன்சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கச் சொல்வார். இஸ்தோப்பு கிழக்கே ஒரு நூல் சாய்ந்து நிற்கும். பானையும் சாயும். பால் வேறு எங்கே போகும்? "இன்னும் ஒரு விரல் தூக்குங்க... போதும், போதும்" என்று பின்னாலிருந்து அவர் சொல்ல, மெஷினுக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்து அண்ணன் சரிபார்ப்பார். ஒன்பது வருஷமாகத் தன் வீட்டில் பால் கிழக்கேதான் பொங்கியது என்று அக்கா போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார். இது ஏமாற்று இல்லையா என்று நான் ஒருநாள் கேட்டேன். "சாமிக்கு வழி காட்டுறது ஏமாத்தா?" என்றார்.

தை பிறந்தது. நாலு நாளாய் மூடுபனி. பக்கத்துக் காம்பரா ஆள் முகம் தெரியாது. என் மாமி, புருஷனைப் பெற்றவர், நல்லவர்தான். ஆனால் வாயை அடக்கத் தெரியாதவர். "சீர் வராட்டி என்னா, நான் ஒண்ணும் சொல்லலயே" என்று காலையிலிருந்து எட்டுத் தடவை சொல்லிவிட்டார். ஒன்பதாவது தடவை சொல்லும்போது பழைய பானையை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். அந்தத் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் இஸ்தோப்பில் சாணி மெழுகினேன். கண்ணீர் சாணியில் விழுந்தது. வேறு எங்கே விழும்?

அப்போது கீழே ஹாரன் அடித்தது. ஒரு தடவை இல்லை, விடாமல்.

லயத்துக்குக் கீழே, கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும்தான் வண்டி வரும். அதற்கு மேல் படிக்கட்டு. பனிக்குள்ளிருந்து அக்காவின் குரல் மட்டும் ஏறி வந்தது.

"தலைப்பொங்கல் சீர் வந்திருக்கு! பொண்ணோட அம்மாவும் வந்திருக்காங்க!"

நான் மெழுகின கையோடு ஓடினேன். லொறிக்குள் பெஞ்சுக் கட்டிலில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் புதுப்பானை. நோட்டன் பிரிட்ஜிலிருந்து அட்டன், தலவாக்கலை என்று ஒன்றரை நாளாய் அந்தப் பானையை அவள் கீழே வைக்கவே இல்லையாம். பக்கத்தில் கரும்பு; அது லொறியைவிட நீளமாக இருந்ததால் கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றி வெளியே நீட்டி விட்டிருந்தார்கள். நான் தாவி ஏறப் போனேன்.

"கால் கழுவு புள்ள" என்றார் அக்கா.

கழுவிவிட்டுத்தான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். சீர் என்றால் அது மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வரவேண்டும். அம்மாவால் அந்தப் படிக்கட்டில் நாலு படிகூட ஏறமுடியாது. மாமி மேலே நின்றுகொண்டு கீழே பார்த்தார். மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று இறங்கி வந்தார்.

"சம்பந்தி கால் முடியாம உக்காந்திருக்காங்க. நாம என்னா, மகாராணியா? எல்லாரும் கீழ வாங்க, இங்கயே பொங்கிருவோம்!"

வாழ்நாளில் நான் மாமியை மனசாரக் கும்பிட்டது அன்றைக்குத்தான். பிறகும் சில தடவை கும்பிட்டிருக்கிறேன், அது வேறு.

லயமே இறங்கி வந்தது. அக்கா இஸ்தோப்பை இறக்கிக் கோலம் போட்டார். பானைக்கு மஞ்சள் கட்டினோம். அக்கா கேட்டார்: "கிழக்கு எந்தப் பக்கம்?"

பனியில் வானமும் பூமியும் ஒன்றாய்க் கிடந்தன. ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷமா இந்த மலையில கெடக்கேன். எனக்குத் தெரியாதா கிழக்கு? அந்தா, அந்தப் பக்கம்!" என்று கையை நீட்டினார். சம்பந்தி பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? அண்ணன் இஸ்தோப்பு அந்தப் பக்கம் பார்க்க வண்டியைத் திருப்பி நிறுத்தி, கல் வைத்து, ரசமட்டமும் பார்த்தார்.

பால் ஏறியது. மாமி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நுரை திரண்டு, சாய்ந்த பக்கமாகச் சிந்தாமல் சிதறாமல் வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று லயமே கத்தியது. அம்மா உள்ளேயிருந்து அழுதாள், நான் வெளியே அழுதேன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பனி மெல்ல விலகியது. சூரியன் வந்தது.

வந்தது, பால் வழிந்த பக்கத்துக்கு நேர் எதிரே, லொறியின் நெற்றிப் பக்கமாக.

லயத்திலிருந்து இறங்குகிற படிக்கட்டுப் பாதை மூன்று முறை வளைந்து வருவதை மாமி கணக்கில் வைக்கவில்லை. மேலே நின்று பார்த்தால் எந்தப் பக்கம் கிழக்கோ அதே கைப்பக்கத்தைக் கீழேயும் காட்டிவிட்டார். புது மருமகளின் முதல் பால் மேற்கே பொங்கிவிட்டது. கூட்டத்தில் ஒரு கிழவி "சிவ சிவா" என்றாள். மாமியின் முகம் செத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு என்னைவிட அவர் மேல்தான் பாவமாக இருந்தது.

அக்கா சூரியனைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். மாமி தப்பாகக் காட்டினார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்க வீடுதான் கோணலா நின்னுருச்சு" என்றார். "அதுக்கென்னா? ஏங்க, வீட்டைத் திருப்புங்க!"

"அடுப்பு எரியுது" என்றார் அண்ணன். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

"எரியட்டும். மெதுவாத் திருப்புங்க."

அக்கா மிச்சப் பாலையெல்லாம் பானையில் ஊற்றினார். நாலு ஆம்பிளைகள் கல்லை உருவினார்கள். அண்ணன் ஏறி எஞ்சினைப் போட்டார். ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பானையின் ஒரு பக்கத்தை அக்காவும் மறுபக்கத்தை மாமியும் பிடித்துக்கொள்ள, இஸ்தோப்பில் அடுப்பு புகைய, கூரையில் கரும்பு ஆட, உள்ளே என் அம்மா "முருகா, மாதாவே" என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கூப்பிட, அந்த வீடு மடுவத்து முற்றத்தில் ஓர் அடி பின்னால், ஓர் அடி முன்னால் என்று திரும்பியது. லயத்துச் சனம் முழுக்கக் கூடவே சுற்றி நடந்தது. தேர் திரும்புகிறபோதுகூட எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு கூச்சல் கேட்டதில்லை.

முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பால் பொங்கிவிட்டது. கிழக்கே பொங்கியது, மேற்கே பொங்கியது, அக்காவின் சேலையிலும் மாமியின் சேலையிலும் பொங்கியது. இரண்டு பேரும் சூடு பொறுக்காமல் குதித்துக்கொண்டே பானையை விடாமல் நின்றார்கள். மாமிதான் முதலில் கத்தினார்.

"நாலு பக்கமும் பொங்கிருச்சு! இனிமே எவளாச்சும் எந்தப் பக்கம்னு கேளுங்க பாப்போம்!"

எவளும் கேட்கவில்லை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது.

சாப்பிட்டுப் பாத்திரம் கழுவும்போது மாமி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, பொம்பளைகள் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார்: "இவ்வளவு செய்யிறியே, ஒனக்குத் தலைப்பொங்கலுக்கு என்னா சீர் வந்துச்சு?"

அக்கா பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கிற கை நின்றது. பிறகு மறுபடியும் தேய்த்தது.

"எங்களுக்கு ஏதும்மா சீரு. நான் சாமி கும்புடுறவ, அவரு வேதக்காரரு. ரெண்டு வீட்டுலயும் கதவைச் சாத்திட்டாங்க. அதான் கதவோட ஒரு வீட்டைக் கையோட வச்சிருக்கோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் நன்றாக இல்லை.

மாமி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததே எனக்கு அதிசயமாக இருந்தது.

அடுத்த வருஷம் மார்கழிக் கடைசியில் மாமி அக்கரப்பத்தனைக் கடைக்குப் போய் ஒரு புதுப்பானை வாங்கி வந்தார். நமக்குத்தான் பானை இருக்கிறதே என்றேன். "ஒன் வாயை மூடு" என்றார். அப்புறம் பச்சரிசி வந்தது, கருப்பட்டி வந்தது, அரக்குக் கலரில் ஒரு நூல்சேலை வந்தது. அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பொங்கலன்று காலையில் ஸ்டோர் முற்றத்துக்குப் போனோம். அந்தப் பொங்கலுக்கும் அண்ணனுக்கு எங்கள் ஸ்டோரில்தான் வேலை என்று மாமி முன்பே விசாரித்து வைத்திருந்தார்; லொறி வந்து நின்றிருந்தது. அண்ணன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கல்லும் கையுமாய்க் குந்தியிருந்தார். அக்கா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். மாமி முன்னால் தாம்பாளத்தோடு, நான் பின்னால் கையில் இரண்டு மாசப் பிள்ளையோடு, எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் கரும்போடு.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கும்மா சீரு? எந்த வீட்டுக்கு?"

"இந்த வீட்டுக்குத்தான்" என்றார் மாமி. "ஒன் தாய் வீட்டுல இருந்து வந்திருக்கோம். பத்து வருஷம் பிந்திருச்சு, வழியில பனி."

அக்கா கோலமாவுக் கையோடு அப்படியே நின்றார். "கால் கழுவிட்டு" என்று அவர் சொல்லுவார் சொல்லுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். சொல்லவில்லை. கடைசியில் மாமியே வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு தன் காலில் ஊற்றி, என் காலில் ஊற்றி, பிள்ளையின் காலிலும் இரண்டு சொட்டுத் தெளித்து, இஸ்தோப்பில் ஏறித் தாம்பாளத்தை அடுப்புப் பக்கத்தில் வைத்தார். அக்கா அந்தப் புதுப்பானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் அம்மா உட்கார்ந்திருந்த அதே இடத்தில். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாய் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

அண்ணனுக்கு அந்தப் பக்கம் நடந்தது எதுவும் தெரியவில்லை. முன்சக்கரத்துக்கு அடியிலிருந்து சத்தம் போட்டார்.

"கல்லு எத்தனை விரல் வைக்கணும்? கிழக்கு இந்தப் பக்கந்தானே?"

"எந்தப் பக்கமா இருந்தா என்னாங்க?" என்று அக்கா அழுதுகொண்டே கத்தினார். "எங்க அம்மா வீட்டுல இருந்து வந்திருக்காங்க. கல்லைப் போட்டுட்டு, நீங்களும் கால் கழுவிட்டு உள்ள வாங்க!"